காரும் ஒரு கொடை

கொடை என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது பறம்புமலைப் பாரியின் உருவம். பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தான் ஏறிவந்த தேரையே நிறுத்திவிட்டு நடந்து சென்றவன் அவன். பள்ளியில் இக்கதையைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு கம்பை வெட்டி நட்டிருந்தால் போதாதா? ஆசிரியரிடம் கேட்டேன். அவர் விடை கூறவில்லை, உட்காரச் சொன்னார்.

நாற்பதைக் கடந்த இந்நாளில் அந்தக் கேள்வி வேறோர் உருவில் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. பாரியின் தேரில் ஒரு வசதி இருந்தது. முல்லைக்கு வேண்டியது பற்றிக்கொள்ள ஒரு பொருள். தேர் நின்றவாறே அதற்குப் பயன்பட்டது. இக்காலத்தில் ஒருவர் தம்முடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஒரு முதியோர் இல்லத்துக்கு அளிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையோடு தாழ்ந்த உடல், இருவர் மட்டும் அமரத்தக்க இருக்கை, துணிக்கூரை, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் என்ஜின். முதியவர் ஒருவர் அதில் ஏறுவதே கடினம். ஏறினால் இறங்குவது அதனினும் கடினம். அரிசி மூட்டை ஏற்றவும் இடமில்லை. ஆகவே அந்தக் கார் வேறொன்றாக மாறினாலன்றி அந்த இல்லத்துக்குக் கொடையாவதில்லை. அது எவ்வாறு மாறுகிறது, எவ்விடத்தில் மாறாமல் நின்று துருப்பிடிக்கிறது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நன்றாக நடந்த ஒன்றை முதலில் கூறுகிறேன். அது இங்கிலாந்தில் நடந்தது.

பிரிட்டனையும் அயர்லாந்தையும் சூழ்ந்த கடல்களில் இடருற்றோரை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் உண்டு. ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்பது அதன் பெயர். உயிர்மீட்புப் படகுச் சங்கம் என நாம் அழைத்துக்கொள்ளலாம். சர் வில்லியம் ஹிலரி என்பாரின் முயற்சியால் 1824-ஆம் ஆண்டில் அது தோன்றிற்று. அரசாங்கத்தின் துறை அன்று. பொதுமக்கள் அளிக்கும் பொருளைக் கொண்டே பெரிதும் நடைபெற்று வருவது. படகேறிச் செல்வோருள்ளும் மிகப் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். மீனவர், கடைக்காரர், ஆசிரியர், தச்சர் எனப் பல தொழிலினர். அழைப்புக் கருவி ஒலித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகின்றனர். இரு நூற்றாண்டுகளில் 1,46,000-க்கு மேற்பட்ட உயிர்களை மீட்டிருப்பதாக அச்சங்கம் கணக்குக் காட்டுகிறது. அம்மீட்புப் பணிகளுள் பாதிக்கு மேற்பட்டவை, இறந்தோர் தம் உயிலில் எழுதிவைத்த பணத்தால் நடைபெறுகின்றன என்பது நாம் மனத்திற்கொள்ளத் தக்கது.

2015-இல் மறைந்த ரிச்சர்டு கோல்டன் என்பவர் தம்முடைய இரண்டு ஃபெராரி கார்களை இச்சங்கத்துக்கு எழுதிவைத்தார். ஒன்று 1960-இல் செய்யப்பட்ட 250 ஜி.டி. வகை, மற்றொன்று 1967-இல் செய்யப்பட்ட 275 ஜி.டி.பி. வகை. இந்த எண்கள் என்னவோ மந்திரம்போல் தோன்றும், பொருள் எளியது. என்ஜினில் பன்னிரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் மூன்று லிட்டர் என்ஜின் என்று ஆகிறது. அவ்வாறே 275 என்பது 3.3 லிட்டர். முதற்காரின் பெயரோடு எஸ்.டபிள்யூ.பி. என்ற எழுத்துகளும் சேரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளத்தை 2,600 மில்லிமீட்டரிலிருந்து 2,400 மில்லிமீட்டராகக் குறைத்து, வளைவுகளில் சட்டெனத் திரும்புமாறு செய்த வகை அது. 1959-க்கும் 1962-க்கும் இடையே செய்யப்பட்டவை இருநூறுக்கும் குறைவு.

படகுச் சங்கத்தார் அக்கார்களில் ஏறி ஊர்வலம் வரவில்லை. கொட்டகையில் நிறுத்திப் பூமாலை சார்த்தவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், டக்ஸ்ஃபோர்டு என்னுமிடத்துப் போர் அருங்காட்சியகத்தில் அவற்றை ஏலத்துக்கு விட்டனர். முதற்கார் 66 இலட்சம் பவுனுக்கும், மற்றது 19 இலட்சம் பவுனுக்கு மேலும் போயின. இரண்டும் சேர்ந்து 85 இலட்சம் பவுன்.

இனி அப்பணம் கடலுக்குள் இறங்கிய கதை. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்றோர் ஊர் உண்டு. அங்கே மீன்பிடி படகுகளைத் துறைமுகத்தில் கட்டுவதில்லை. கூழாங்கல் நிறைந்த கரைமீது இழுத்து ஏற்றுகின்றனர். மீட்புப் படகும் அவ்வாறே கரையிலிருந்து இறங்கவேண்டும். முன்பு அங்கிருந்தது மெர்ஸி வகைப் படகு. அதன் வேகம் மணிக்கு 17 கடல்மைல். 2018 டிசம்பரில் ஷானன் வகைப் படகு வந்து சேர்ந்தது. அதன் வேகம் 25 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 46 கிலோமீட்டர். நீளம் 13.6 மீட்டர். கவிழ்ந்தாலும் தானே நிமிரவல்லது. அதனை ஓட்டுவது சுழலி அன்று. நீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சும் இரண்டு பொறிகள் அதனை உந்துகின்றன. ஆதலால் ஆழமில்லாத கரையோரத்தில் கற்களில் மோதி உடையக்கூடிய உறுப்பு அடியில் இல்லை. சங்கிலிச் சக்கரமுடைய பெரிய டிராக்டர் ஒன்று படகை நீருக்குள் தள்ளுகிறது. திரும்பி வந்ததும் கரைமேல் ஏற்றி, வண்டிமேலேயே சுழற்றி, மீண்டும் கடல்நோக்கி நிறுத்திவிடுகிறது. அத்தகைய படகு ஒன்றின் விலை அப்போது ஏறத்தாழ 22 இலட்சம் பவுனாக இருந்தது. ஹேஸ்டிங்ஸ் படகின் பக்கவாட்டில் ரிச்சர்டு கோல்டன், அவர் மனைவி கரோலைன் ஆகிய இருவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குளிர்ந்த கடலில் விழுந்தவனுக்கு எட்டுக் கடல்மைல் வேக வேறுபாடு எத்தகையது என்பதை நான் விளக்கவேண்டுவதில்லை.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. பிரிட்டனில் இறந்தவர் சொத்தின்மீது, விலக்களிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட பகுதிக்கு, நூற்றுக்கு நாற்பது வீதம் வரி உண்டு. அறச்சங்கங்களுக்கு எழுதிவைத்த பொருளுக்கு அவ்வரி இல்லை. அன்றியும், நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் அறத்துக்கு எழுதியிருந்தால், எஞ்சிய சொத்தின்மீதான வரியும் நாற்பதிலிருந்து முப்பத்தாறாகக் குறைகிறது. இவ்விதி 2012 முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்வளவையும் கேட்டவர், “பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பொன் காய்க்கும் மரம் போலும்” என்று எண்ணிவிடலாகாது. பழமை மட்டும் விலை தருவதில்லை. பிரிட்டனில் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல். ஜப்பானிய மாஸ்டாவின் எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் கார் 1989-இல் தோன்றி, 2016-க்குள் பத்து இலட்சத்தைத் தொட்டுவிட்டது. நல்ல வண்டிகள்தாம்; ஆனால் தெருவுக்குத் தெரு கிடைப்பவை. அருமையும், மாறாத மூலவடிவமும், முறிவில்லாத ஆவண வரலாறும் சேர்ந்தே விலையை உயர்த்துகின்றன. என்ஜின்மேல் பொறித்த எண்ணும் சட்டத்தின்மேல் பொறித்த எண்ணும், தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். முதற்கிரயச் சீட்டு, பழுதுபார்த்த ரசீதுகள், பழைய புகைப்படங்கள், சாவிக்கொத்து இவை யாவும் காரின் உறுப்புகள் என்றே கருதத் தக்கவை. கொடுக்குமுன் அழகுபடுத்துகிறோம் என்று புது வர்ணம் பூசி, கிழிந்த தோல் இருக்கையைப் பிடுங்கி ரெக்சின் தைத்துவிடும் அன்பர்கள் உண்டு. அவர்கள் நல்ல எண்ணத்தோடேயே விலையைக் குறைத்துவிடுகின்றனர்.

நிறுத்திவைத்த கார் தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். தொட்டியில் நின்ற பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை வாங்கிக் குழாய்களை உள்ளிருந்தே அரிக்கிறது. டயர் ஓடாமலே வெடிக்கிறது. கம்பிகளின் உறையை எலி கொறிக்கிறது. ஓராண்டு தாமதித்தால் ஓடும் கார் ஓடாத காராகிவிடும். ஓடாத காரை வாங்குவோர் மிகச் சிலர்.

ஆயிரத்தில் ஒன்றாகிய ஃபெராரியை விட்டு, நடுத்தரக் கார்களின் கொடை பெருவழக்காயுள்ள நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் பழைய காரை அறச்சங்கத்துக்கு அளிப்பது ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. சங்கத்துக்கோ அதன் முகவருக்கோ தொலைபேசியில் ஒரு சொல் சொன்னால் போதும். இழுவை வண்டி வீட்டுவாசலுக்கு வந்துவிடும். வானொலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்நாட்டுப் பொது வானொலி நிலையங்கள் நேயர்களின் நன்கொடையையும் நம்பி நடப்பவை. அவற்றுள் பல பழைய கார்களையும் ஏற்றுக்கொள்கின்றன. ‘கார் டாக்’ என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியில் இரு சகோதரர்கள் முன்பு நேயர்களின் கார்ப் பிணிகளுக்குச் சிரித்துச் சிரித்து மருந்து கூறிவந்தனர். அந்நிகழ்ச்சியின் பெயராலேயே அத்தகைய கொடைத் திட்டம் ஒன்று உண்டு.

ஆயினும் அங்கே ஒரு நோய் புகுந்தது. காரைக் கொடுத்தவர், விலைப்பட்டியலில் கண்ட சந்தை விலையைக் கொடையாகக் காட்டி வருமானவரியைக் குறைத்துக்கொண்டார். காரோ ஓட்டை உடைசல். முகவர் அதனை மொத்தச் சந்தையில் தள்ளிவிட்டு, இழுவைக்கூலி, விளம்பரம், தம் கழிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சங்கத்துக்கு அனுப்பினார். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003-இல் சில கொடைகளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தொடர்ந்து சென்று பார்த்தது. அவ்வாறு தொடர்ந்த 54 கார்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்கு, கொடையாளர் காட்டிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதனினும் குறைவோதான் சங்கத்தின் கைக்குச் சென்றிருந்தது. நூறு டாலர் கொடுத்ததாக ஒருவர் வரியைக் குறைத்துக்கொள்ள, அறத்துக்கு எட்டியது ஐந்து டாலர்.

2004-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்நூறு டாலருக்கு மேல் கழிவு கேட்பவர், சங்கம் அக்காரை உண்மையில் என்ன விலைக்கு விற்றதோ அத்தொகைக்கு மேல் காட்ட இயலாது. விற்றபின் முப்பது நாளுக்குள் சங்கம் விலையைக் குறித்துச் சான்று தரவேண்டும். இதற்கு விலக்குகளும் உள்ளன. சங்கமே அக்காரை நெடிது பயன்படுத்துமாயின், அல்லது பெரிய அளவில் செப்பனிடுமாயின், அல்லது ஓர் ஏழைக்கு அதனை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்குமாயின், சந்தை விலையைக் காட்டலாம். என் கருத்தில் இச்சட்டத்தின் நயம் இதுதான்: கொடுத்தவர் கணக்கில் எழுதியதை அது கேட்கவில்லை, பெற்றவர் கைக்கு வந்ததைக் கேட்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகவே இருக்கிறது. ஏனெனில் இதில் என் பிழையும் உண்டு.

தெற்குத் தில்லியில் எங்கள் குடியிருப்புக்கு அருகில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார், தஞ்சைப் பக்கத்தவர். அவரிடம் 1950-களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட எம்.ஜி. கார் ஒன்று இருந்தது, டி.டி. வகை, பாசிப்பச்சை நிறம். இளமையில் பம்பாயில் ஒரு பார்சிக் கனவானிடமிருந்து வாங்கியதாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை அருகில் அமர்த்திக்கொண்டு இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போவார். கோயில் அடிவாரத்தில் எங்கள் பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொள்வார்கள். எம்.ஜி. என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு, “ஆர் எங்கே விழுந்துவிட்டது, தாத்தா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். அவர் வாய்விட்டுச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

2014-இல் அவர் தம் உயிலை ஆங்கிலத்தில் எழுதினார். “தம்பி, என் வீட்டம்மாளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவள் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழில் ஒரு பிரதி வேண்டும், நீங்கள்தான் செய்து தரவேண்டும்” என்றார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அதில் காரைப்பற்றி ஒரே வரி. காரைத் தகுந்த ஓர் அறநிலையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். நான் அந்த வரியில் அரைநாள் செலவிட்டேன். அறநிலையம் என்று எழுதினால் தமிழ்நாட்டார் கோயில்களை ஆளும் துறையை நினைப்பார்களே என்று அறச்சங்கம் என மாற்றினேன். தரும ஸ்தாபனம் என்பது பழைய வாடை வீசுகிறது என்று தள்ளினேன். “தகுந்த” என்பதா “தக்க” என்பதா என்றுகூட ஆராய்ந்தேன். எந்தச் சங்கம் என்று அவரைக் கேட்கவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளன் மூலத்தில் இல்லாததைக் கேட்கலாகாது என்பது அலுவலகப் பழக்கம்.

இரண்டாண்டு கழித்து அவர் காலமானார். மகன் ஒருவன் அயல்நாட்டில், மகள் பெங்களூரில். அம்மையார் தாமாகவே ஒரு முதியோர் இல்லத்துக்குச் சொல்லியனுப்பினார். அதன் செயலாளர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். “அம்மா, எங்களுக்கு இதை ஓட்டத் தெரிந்தவரும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை. தாங்களே விற்றுப் பணமாகக் கொடுத்தால் மருந்துச் செலவுக்கு உதவும்” என்று பணிவாகவே சொன்னார். அம்மையார் முகம் சிவந்தது. “விற்கச் சொல்லியா எழுதினார்? கொடுக்கத்தானே சொன்னார்” என்றார். என் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கொடுக்க என்றுதான் இருந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

அதன்பின் பதிவுச் சான்றைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குள் கடிதப் போக்குவரத்து நடந்தது. கார் வேப்பமரத்தடியில் மூன்று மழைக்காலம் நின்றது. துணிக்கூரை மக்கிற்று, மரச்சட்டத்தில் கறையான் ஏறிற்று. 2019-இல் ஒரு கபாடிக்காரர் தராசோடு வந்து எடைக்கு எடை விலை பேசிக் கொண்டுபோனார். அந்தத் தொகையை அம்மையார் ஓர் உறையிலிட்டு அதே முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார். இல்லத்தார் ரசீது அனுப்பினார்கள். பதிவேட்டிலோ அவர் பெயர் நீக்கப்படவே இல்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் வீட்டிலும் இத்தகைய வண்டி ஒன்று இருக்கக்கூடும். வண்டி வாங்கியது ஒரு மாநிலம், பதிவு ஒரு மாநிலம், குடியிருப்பது வேறொன்று. ஆகவே சட்டத்தைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். சாவியைக் கொடுத்துவிட்டதனாலோ, கையொப்பமிட்ட வெள்ளைத்தாளைத் தந்துவிட்டதனாலோ உரிமை போய்விடுவதில்லை. கை மாறிக் கை மாறிச் சென்ற ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் நிலைத்திருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் அறத்துக்கு அளித்த கார் வேறெவர் கையிலோ எவர்மீதோ மோதினால், பெயர் மாற்றாதவரையில் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். எனவே 29, 30 எண்ணுள்ள படிவங்களில் இருதரப்பாரும் கையொப்பமிட்டு, ஒரே மாநிலமாயின் பதினான்கு நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பதிவு வேறு மாநிலத்தில் இருந்தால் 28-ஆம் படிவத்தின்மூலம் தடையின்மைச் சான்று முதலில் வாங்கவேண்டும். காலக்கெடுவும் நாற்பத்தைந்து நாள். உரிமையாளர் இறந்துவிட்டால் முப்பது நாளுக்குள் அலுவலகத்துக்கு அறிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் வாரிசு தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். அதன் பின்னரே அவர் விற்கவோ கொடுக்கவோ முடியும். 2021 முதல், உயிரோடிருக்கும்போதே பதிவுச் சான்றில் நியமனதாரர் பெயரைக் குறிக்கும் வசதியும் வந்திருக்கிறது. இதைச் செய்துகொண்டவர் மிகக் குறைவு என்றே என் நண்பர் வட்டத்தைக் கொண்டு எண்ணுகிறேன்.

வரிச்சலுகை பற்றி நம்மவரிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. நெடுங்காலம் 80-ஜி என்னும் பிரிவெண்ணால் அறியப்பட்ட வருமானவரிச் சலுகை, பணமாக அளிக்கும் நன்கொடைக்கே உரியது. கார், துணி, அரிசி போன்று பொருளாக அளிப்பதற்கு அது கிடையாது. பணத்திலும், ரொக்கமாக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் அளித்தால் செல்லாது. காசோலையாகவோ வங்கிவழியாகவோ அளிக்கவேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்க்கு அச்சலுகையே இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்பதால் வரும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாயவரியும் இல்லை. தொழிலின் கணக்கில் தேய்மானம் காட்டிய காராயின் நிலை வேறு. ஆகவே நம் நாட்டில் காரைக் காராகக் கொடுப்பதைவிட, தாமே விற்றுக் காசோலையாகக் கொடுப்பதே பெரும்பாலும் நன்று. அந்தச் செயலாளர் கேட்டதும் அதுதான்.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட காராயின் மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெருமை வண்டிகளுக்கெனத் தனிப்பதிவு முறையை ஏற்படுத்திற்று. மூலவடிவம் மாறாதிருக்கவேண்டும், எண்பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப்பதிவுக்கு இருபதினாயிரம் ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கும் எடுத்துச் செல்லலாம், விற்கவும் செய்யலாம். எங்கள் பொறியாளரின் எம்.ஜி. இன்னும் இரண்டாண்டு தாக்குப்பிடித்திருந்தால் இம்முறையில் பதிவாகியிருக்கும். தில்லி வட்டாரத்தில் பதினைந்தாண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் கார்கள் ஓடலாகாது என்ற தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; அதன் பின்னர் ஆணைகள் மாறியும் வந்திருக்கின்றன. அங்குள்ள அன்பர்கள் விற்கும் நாளில் உள்ள நிலையை அலுவலகத்தில் கேட்டறிந்து செய்வது நலம்.

விற்பதற்கு மனம் வராதவர், காரைப் பலரும் காணட்டும் என்று எண்ணினால், அருங்காட்சியகங்களை நாடலாம். அரியானாவில் தாவுரு என்னுமிடத்திலும், நம் கோயம்புத்தூரிலும் கார்களுக்கான நல்ல காட்சியகங்கள் உள்ளன. ஆனால் எந்தக் காட்சியகமும் வந்ததையெல்லாம் ஏற்பதில்லை. முதலில் எழுதிக் கேட்டு, எழுத்தில் இசைவு பெற்ற பிறகே வண்டியை அனுப்பவேண்டும். ஒன்றுக்கும் உதவாத நிலையில் உள்ள காராயின், கபாடிக்காரரிடம் தள்ளாமல், அரசு பதிவுபெற்ற வண்டி உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்று பெறவேண்டும். அதைக்கொண்டு பதிவை நீக்கிவிடலாம். பழைய எண்பலகை வேறொரு வண்டியில் ஏறி ஊர்சுற்றும் அபாயம் அதனால் நீங்கும். கிடைக்கும் தொகை சிறிதாயினும் அதுவும் கொடைக்கு ஆகும்.

சென்ற ஆண்டு, புனேயில் குடியேறிய என் உறவினர் ஒருவர் தம் உயிலைத் தமிழில் எழுத உதவி கேட்டார். அவரிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு; 1960-களில் நம் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் செய்த இரட்டைக் கதவு வண்டி. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லமுடியாது. ஆனால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். இம்முறை நான் மொழிபெயர்ப்பாளனாக உட்காரவில்லை. எந்தச் சங்கம், அது இல்லாமற்போனால் எது, யார் விற்பது, எத்தனை நாளுக்குள், செலவை யார் ஏற்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் இடையிடையே சலித்துக்கொண்டார். கடைசியில் எழுதியது இது:

“என் பெயரில் பதிவான ஹெரால்டு காரை என் மகள் ஆறு மாதத்துக்குள் ஏலத்திலோ நேரிலோ விற்க வேண்டியது. பெயர் மாற்றியதற்குச் சான்று பெற வேண்டியது. செலவு போக எஞ்சிய தொகை முழுவதையும் மேற்குறித்த கண் மருத்துவச் சங்கத்துக்குக் காசோலையாக அளிக்க வேண்டியது. அச்சங்கம் அப்போது இல்லையெனில் என் மகள் தேர்ந்த வேறொரு கண் மருத்துவச் சங்கத்துக்கு அளிக்கலாம். பதிவுச் சான்று, கிரயச் சீட்டு, இரண்டு சாவிகள் ஆகியவை இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ளன.”

சாவியைப்பற்றிய வரியைச் சேர்க்கச் சொன்னவர் அவர் மனைவி. உடனே எழுந்து அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். இருந்தது ஒரு சாவிதான். மற்றொன்றைத் தேடி எடுத்த பிறகே அவரைக் கையொப்பமிட விட்டேன்.